தேசிங்குராசனும் ஊழின் கணக்கும்

தேசிங்குராசன் என்னும் பெயரைக் கேட்டறியாத தமிழ்க் குடும்பம் ஒன்றைக் காண்பது அரிது. பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைகளில் விற்கப்பட்ட அவன் கதையை எழுத்தறிந்த ஒருவர் திண்ணையிலிருந்து படிக்க, எழுத்தறியாதார் பலர் சூழ்ந்திருந்து கேட்டுக் கண்ணீர் வடித்த காலம் ஒன்று உண்டு. கூத்து மேடையிலும் அவன் ஏறினான். 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படமாகவும் வந்தான். இத்தனைக்கும் அவன் ஆண்டது பத்துத் திங்கள் அளவே. வாழ்ந்தது இருபத்திரண்டு ஆண்டுகள் என்பர். பெரும்படை நடத்தி நாடுகளை வென்றவனும் அல்லன். குளம் தொட்டு வளம் பெருக்கியவனும் அல்லன். ஒரே நாளில், ஒரே போரில், தோற்று மாண்டவன். அவ்வாறு மாண்டவனை முந்நூறு ஆண்டுகட்கு மேலாக மக்கள் மறவாதிருப்பது ஏன் என்னும் வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

புத்தூரில் வாழும் நமக்கு அவன் கதை தொலைவிலுள்ள கதையும் அன்று. இன்று இவ்வூர் ஆந்திர நாட்டில் உள்ளது. ஆயினும் 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டம் தனியே அமைக்கப்படும் வரையில் வட ஆர்க்காட்டு மாவட்டத்திற்குத் தலைநகராக இருந்தது சித்தூரே ஆகும். தேசிங்கின் மேல் படையெடுத்தவர் ஆர்க்காட்டு நவாபு. நம் மலைக்கணவாய்களும் அந்த நவாபுகளின் வரலாற்றில் இடம் பெற்றவையே. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் அவன் யார் என்பதைக் காண்போம். தேசிங்கு தமிழன் அல்லன். அவன் இயற்பெயர் தேஜ் சிங். அப்பெயர் நம் நாவில் தேய்ந்து தேசிங்கு ஆயிற்று. வட நாட்டில் புந்தேல்கண்டம் என்னும் பகுதியைச் சேர்ந்த இராசபுத்திரக் குடியில் பிறந்தவன். அவன் தந்தை சொரூப் சிங் என்பவர், ஔரங்கசீப்பு பாதுசாவின் ஆணைப்படி 1700-ஆம் ஆண்டு செஞ்சிக் கோட்டைக்குத் தலைவராக அமர்த்தப்பட்டார். ஆக, வேலையின் பொருட்டு மொழி தெரியாத ஊருக்கு மாற்றப்பட்டு வந்த குடும்பம் அது. பிறந்த மண் ஒன்று, பிழைக்கும் மண் ஒன்று என்று வாழ்வோர் நிலை நம் குடியிருப்பில் உள்ளோர்க்கு விளக்க வேண்டுவதன்று. ஆனால் ஒன்று வியப்புக்குரியது. வந்தவன் மகனைத் தம்முடைய ராசன் என்று தமிழ் மக்கள் ஏற்றுக்கொண்டனர். அவன் பிறந்த நாட்டினும் நம் நாட்டிலேயே அவனுக்குப் பாட்டு மிகுதி.

செஞ்சிக் கோட்டையின் பெருமையைச் சிறிது சொல்லாமல் மேலே செல்ல இயலாது. ராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். அவற்றைப் பிணைத்து நீண்டு செல்லும் மதில்கள். ராசகிரி ஏறத்தாழ எண்ணூறு அடி உயரம். விசயநகரத்தார் காலத்து நாயக்கர்கள் அதனை ஆண்டனர். பின்னர் பீசப்பூர்ச் சுல்தான் படை பிடித்தது. 1677-இல் சிவாசி கைப்பற்றினார். அவர் மகன் ராசாராம் மொகலாயர்க்குத் தப்பி வந்து இக்கோட்டையில் புகுந்தபோது, சுல்பிகர்கான் என்னும் தளபதி 1690-இல் முற்றுகை தொடங்கினார். அம்முற்றுகை முடிந்தது 1698-இல். எட்டு ஆண்டுகள்! பாதுசாவின் பெரும்படை எட்டு ஆண்டுகள் அடிவாரத்தில் கிடந்து வெயிலிலும் மழையிலும் வாடிற்று. அண்மையில் 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் யுனெசுக்கோ நிறுவனம் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டினை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது, தமிழ்நாட்டிலிருந்து அவ்வரிசையில் இடம் பெற்றது செஞ்சி ஒன்றே. இந்த எட்டு ஆண்டுக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் அது தேவைப்படும்.

மக்கள் பாடும் கதை, வரலாற்று நூல் சொல்லும் வழியில் செல்வதில்லை. தில்லியில் ஒருவரும் ஏற இயலாத முரட்டுக் குதிரை ஒன்று இருந்ததாம். அதனை அடக்க வந்து தோற்ற செஞ்சித் தலைவரைப் பாதுசா சிறையிட்டனராம். பால்மணம் மாறாத பிள்ளை தேசிங்கு தில்லிக்குச் சென்று, அக்குதிரையின் மேல் ஏறி, அதனை அடக்கித் தந்தையை மீட்டனனாம். பரிசாகக் கிடைத்தவை இரண்டு: ஒன்று அந்தக் குதிரை, மற்றொன்று மணமகள். குதிரையின் பெயர் பாராசாரி. மணமகளைக் கதை ராணிபாய் என்று கூறும். குதிரைக்கு ஒரு தனிப்பெயர் கிடைத்தது. அப்பெண்ணுக்குக் கிடைத்ததோ, ராணி என்னும் பதவியே பெயராக அமைந்த பெயர். இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. கதை கேட்போர் ஒரு முறை எண்ணிப் பார்த்தல் நன்று.

வரலாறு கூறுவது இது. சொரூப் சிங் 1714-ஆம் ஆண்டின் தொடக்கத்தையொட்டி மறைந்தார். செய்தி அறிந்து மகன் வடநாட்டினின்று தன் இளமனைவியுடன் செஞ்சிக்கு வந்தான். தந்தை இருந்த இடத்தில் அமர்ந்தான். பழைய பாதுசா அளித்த ஆணைப் பத்திரம் தன் கையில் இருக்கையில் வேறு எவரிடத்தும் தான் கேட்டுப் பெற வேண்டுவது ஒன்றுமில்லை என்று கருதினான். ஆனால் ஔரங்கசீப்பு 1707-இலேயே மறைந்துவிட்டார். அடுத்தடுத்துப் பாதுசாக்கள் மாறி, 1713-இல் பரூக்சியர் பட்டம் ஏறியிருந்தார். பழைய பாதுசாவின் பத்திரம் புதிய பாதுசாவால் உறுதி செய்யப்பட வேண்டும் என்பது ஆர்க்காட்டார் வாதம். அவ்வாறு உறுதி பெறும் வரையில் கோட்டை அவனுடையது அன்று என்றனர்.

இதனோடு நிலுவை என்னும் பேய் சேர்ந்துகொண்டது. சொரூப் சிங் பல ஆண்டுகளாகக் கப்பம் செலுத்தவில்லை. பாதுசா மாறும் காலத்தில் எவர்தாம் ஒழுங்காகச் செலுத்தினர்? நவாபு சாதத்துல்லாகான் கணக்கெடுத்தபோது பாக்கி எழுபது இலட்சம் ரூபாய் என்று ஆயிற்று. அந்நாளில் எழுபது இலட்சம்! கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஏட்டில் ஒரு முறை ஏறிய நிலுவை எழுதியவனோடு ஒழிவதில்லை. தலைவன் மாறினும் இடம் மாறினும் அடுத்த பக்கத்தின் முதல் வரியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்பிள்ளை ஒரு காசும் செலவழிக்கவில்லை. பத்து ஆண்டுக் கணக்கு அவன் தலையில் இறங்கிற்று. ஊழ் என்பது இதுதானோ என்று ஐயுறத் தோன்றுகிறது. ஒருவர் செய்த வினை மற்றொருவர் ஏட்டில் ஏறிப் பயன் தருதலைத்தான் நம் முன்னோர் அச்சொல்லால் குறித்தனர் போலும்.

ஊழைப் பற்றித் தமிழர் நெடுங்காலம் எண்ணியவர்கள். வள்ளுவர் அறத்துப்பாலின் இறுதியில் அதற்கென ஓர் அதிகாரமே வைத்தார். அவரே பொருட்பாலில், முயற்சியுடையார் ஊழையும் புறங்காண்பர் என்னும் கருத்தையும் வைத்துச் சென்றார். இளங்கோவடிகள் தம் காப்பியத்திற்குக் கூறிய மூன்று நோக்கங்களுள் ஊழ் ஒன்று. ஆனால் கோவலன் மாண்டது பாண்டியன் ஆராயாமல் இட்ட ஆணையால் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அரசன் பிழையைத் தனியே எழுதினார். ஊழ் உண்டு, அதற்காகப் பிழை செய்தவன் தப்பிவிட இயலாது என்பதே அப்பெரியோர் வழி. பின்வந்த நாம் முதற்பாதியை மட்டும் கைக்கொண்டோம். பெண்ணுக்கு ஏதேனும் துன்பம் நேர்ந்தால் தலையெழுத்து என்று கூறிக் கதவை அடைத்துக்கொள்வது எளிதாக இருக்கிறதன்றோ?

தேசிங்கின் கதையில் ஊழ் நேரே வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. செஞ்சிக்கு வடக்கே சிறிது தொலைவில் சிங்கவரம் என்னும் ஊர். அங்குக் குன்றைக் குடைந்து பல்லவர் காலத்தில் அமைத்த அரங்கநாதர் கோயில் உள்ளது. பெருமாள் பள்ளி கொண்ட பெருந்திருமேனி. திருமுகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். அந்த அரங்கநாதரே தேசிங்கின் வழிபடு தெய்வம். போருக்குப் புறப்படுமுன் அவன் சென்று விடை கேட்டானாம். போக வேண்டா என்பதனை உணர்த்தப் பெருமாள் தம் முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டாராம். அன்று திருப்பிய முகமே இன்றும் அவ்வாறு உள்ளது என்று அவ்வூரார் கூறுவர்.

இந்த நிகழ்ச்சியை நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். விதி முடிந்துவிட்டது என்பதற்குச் சான்றாகவே இதனைப் பெரியோர் சொல்வர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. விதி முடிந்திருந்தால் தெய்வம் எச்சரிக்க வேண்டுவது ஏன்? நடந்தே தீரும் ஒன்றைத் தடுக்க எவரும் முகம் திருப்பார். போகலாம், போகாமலும் இருக்கலாம் என்னும் இரண்டு வழி இருந்தமையால் அன்றோ எச்சரிக்கை பிறந்தது? பாட்டுக் கட்டிய எளிய மக்கள் அவனை விதியின் கைப்பாவையாக ஆக்கவில்லை. தேர்ந்துகொள்ளும் உரிமையை அவனுக்கு அளித்து, அவன் தேர்ந்ததற்காக அழுதனர்.

இனி ராணியிடம் விடைபெற்ற பகுதி. மக்கள் பாடும் வகைகளுள் ஒன்றின்படி, மணம் முடிந்தும் குறித்த காலம் கழியும் வரையில் கணவனும் மனைவியும் முகம் காணலாகாது என்று சோதிடர் விதித்திருந்தனர். நாள் நிறையுமுன் போர் வந்துவிட்டது. முன்னே நின்றவன் அரசன். பின்னே நின்றவள் அவன் மனைவி. இடையே ஒரு திரை. திரைக்கு அப்பாலிருந்து வெற்றிலைச் சுருளை நீட்டிய கையை மட்டுமே அவன் கண்டான் என்பர். அக்கையைக் கண்டு வாங்கிக்கொண்டு குதிரை ஏறினான்.

கூத்துப் பார்ப்போர் இவ்விடத்தில் விம்மாதிருந்ததில்லை. தாய்மார்கள் முன்றானையால் கண் துடைப்பர். உண்மையில் நிகழ்ந்ததோ இல்லையோ, ஒரு காதலின் முழுமையையும் ஒரு கையளவாகச் சுருக்கிக் காட்டிய அந்தப் பாட்டுக்காரர் பெருங்கலைஞர் என்பதில் ஐயமில்லை. காதல் என்று சொல்கிறேன். முகமே காணாதாரிடை ஏது காதல் என்று இக்காலத்து இளைஞர் கேட்கக்கூடும். நம் பாட்டன் பாட்டிமார்க்கும் அவ்வாறே தொடங்கிற்று. ஆனால் அவர்கட்குப் பின்னும் நாற்பது ஐம்பது ஆண்டுகள் கிடைத்தன. கூடி வாழ்ந்து, ஊடி, பிள்ளைகளை வளர்த்து, ஒருவரை ஒருவர் அறிந்தனர். இவர்கட்கு அந்தக் காலம் கிடைக்கவில்லை. இக்கதையின் துன்பம் முழுவதும் அதில் அடங்கும்.

தேசிங்கின் நண்பனைச் சொல்லாமல் விடுவது பெரும் பிழையாகும். மகபத்துகான் என்னும் முசுலிம் வீரன் அவன். கதையில் மாவுத்துக்காரன் என்றும் வழங்குவர். அவன் குதிரையின் பெயர் நீலவேணி. புதுச்சேரிக்கு மேற்கேயுள்ள வழுதாவூரில் அவனுக்கு மணம் நிகழவிருந்தது. பந்தலில் இருந்த நேரத்தில் நண்பனின் ஓலை வந்தது. கட்டவிருந்த தாலியைக் கட்டாமல் எழுந்து குதிரை ஏறினான் என்று கதை கூறும். ஆகவே இக்கதையில் இரண்டு மணமகள்கள். ஒருத்தி முகம் காணாத மனைவி. மற்றொருத்தி தாலி ஏறாத மணமகள். முன்னவளுக்கு ஒரு நகரமே நினைவாயிற்று. பின்னவளைப் பற்றி நினைப்பார் குறைவு.

படையெடுத்தவர் ஆர்க்காட்டு நவாபு. உயிர் கொடுத்த நண்பனும் அதே சமயத்தைச் சேர்ந்தவன். இதனால் அப்போர் சமயப் போர் அன்று என்பது தெளிவு. வரிக்காகவும் உரிமைக்காகவும் நிகழ்ந்த போர். இதனை வேறாகத் திரித்து உரைப்போர் பாட்டினை ஒருமுறை முழுதும் கேட்பது நலம்.

1714-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள். ஐப்பசி மழைக்கு முந்திய காலம். ஆயினும் மேற்குக் குன்றுகளில் பெய்த மழையால் செஞ்சியாறு பெருகி ஓடிற்று. சங்கராபரணி என்றும் வராக நதி என்றும் அதனையே கூறுவர். புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கும் சிற்றாறு. மற்ற நாளில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடந்துவிடலாம். அத்தகைய ஆறுகளின் இயல்பு இருப்புப்பாதையில் பணிபுரிவோர்க்கு நன்கு தெரியும். ஆண்டு முழுதும் மணலாய்க் கிடக்கும் ஓடை, ஓர் இரவு மழையில் பாலத்தின் தூணை அரித்துவிடும். பெரிய ஆற்றை எல்லோரும் அஞ்சுவர். சிற்றாற்றை நம்பித்தான் மோசம் போவர்.

வெள்ளம் வடியட்டும் என்று உடனிருந்தோர் தடுத்தனர். தேசிங்கு கேட்கவில்லை. குதிரையை ஆற்றில் இறக்கினான். அவனுடன் புறப்பட்ட குதிரை வீரரே சில நூறு பேர்தாம். அவருள்ளும் ஒரு பகுதியினரே அக்கரை சேர்ந்தனர். எஞ்சியோர் வெள்ளத்தைக் கண்டு தயங்கி நின்றுவிட்டனர். எதிரே நின்றதோ பல்லாயிரம் பேர் கொண்ட படை. எண்ணிக்கையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாகக் கூறுவர். ஒருவருக்குப் பலர் என்ற அளவில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மேலே நினைவில் வைக்கச் சொன்ன கணக்கை இங்கே எடுப்போம். பாதுசாவின் முழுப்படையை எட்டு ஆண்டுகள் தடுத்து நிறுத்திய மதில் அவனுக்குப் பின்னால் இருந்தது. நெற்களஞ்சியம் உண்டு, மலைமேல் வற்றாத சுனை உண்டு. கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்திருந்தால் எட்டு ஆண்டுகள் வேண்டா, எட்டுத் திங்கள் தாங்கியிருந்தாலே போதும். அதற்குள் தில்லியில் மறுபடியும் காற்று மாறியிருக்கலாம். நிலுவையைத் தவணையாகச் செலுத்த உடன்பாடு ஏற்பட்டிருக்கலாம். அக்காலத்தில் அவ்வாறு பேசித் தீர்த்துக்கொண்ட பாளையக்காரர் பலர். இருந்திருந்தால் முகம் காணும் நாளும் வந்திருக்கும், திரையும் விலகியிருக்கும். ஆயினும் மதிலுக்குள் ஒளிந்தவன் என்னும் பெயரை அவன் தாங்கான். அது அவன் குலத்துப் பயிற்சி. இருபத்திரண்டு வயதுக்கு உரிய குணமும் ஆகும். அக்குணத்தை வீரம் என்று வாழ்த்துவோர் வாழ்த்துக. அதற்கு விலை கொடுத்தவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது என் கருத்து.

போரில் மகபத்துகான் முன்னரே வீழ்ந்தான். தேசிங்கு எதிரிப் படைத்தலைவர் ஏறியிருந்த யானையை நோக்கிக் குதிரையைச் செலுத்தினான். குதிரையின் கால்கள் வெட்டுண்டன. தரையில் நின்று போரிட்டான். முடிவில் துப்பாக்கிக் குண்டு அவனை வீழ்த்திற்று என்பது வரலாறு. பாட்டோ அவ்வாறு முடிப்பதில்லை. நண்பனும் குதிரையும் மாண்டபின், தன் வாளை வான் நோக்கி எறிந்து, அது திரும்பி வீழும்போது தன் மார்பில் ஏந்தி மாண்டான் என்று பாடுவர். அவனைக் கொல்லும் பேறு வேறொருவனுக்குக் கிடைக்கலாகாது என்று மக்கள் நினைத்தனர். இறப்பையும் அவன் கையாலேயே நிகழ்த்திக் காட்டினர். விதியைப் பெரிதாக நம்பிய மக்களே அந்த முடிவை விதியிடம் விடவில்லை என்பதை நோக்குக.

நவாபு அவ்வுடலை இகழவில்லை. உரிய மதிப்புடன் செஞ்சிக்குக் கொண்டுவரச் செய்தார். கோட்டையை அடுத்துள்ள செட்டிகுளத்தின் கரையில் ஈமச் சடங்கு நிகழ்ந்தது. அந்தத் தீயில் ராணியும் புகுந்தாள். முகத்தை அவள் அன்றுதான் முதன்முறை கண்டாள் என்று கூறுவாரும் உளர்.

இவ்விடத்தில் பாட்டு அவளைத் தெய்வமாக்கும். கைகுவித்து வணங்கும் மக்கள் உள்ளத்தை நான் பழிக்கமாட்டேன். அந்தத் துயரத்திற்கு வணக்கத்தைத் தவிர அவர்களால் அளிக்க இயன்றது வேறொன்றுமில்லை. ஆயினும் நினைத்துப் பார்க்கிறேன். பிறந்த ஊர் புந்தேல்கண்டம். சில திங்களுக்கு முன் வந்த ஊர் செஞ்சி. இங்குள்ள மொழி அவளுக்குத் தெரியாது. தாய் இல்லை, உடன்பிறந்தார் இல்லை. கணவன் மாண்டான், கோட்டை மாற்றார் கையில். அந்த நிலையில் அவளுக்கு எத்தனை வழி திறந்திருந்தது? சிங்கவரத்துப் பெருமாள் தேசிங்கிற்காக முகம் திருப்பினார். அவளை யார் தடுத்தனர்? எந்தப் பாட்டிலும் அவளுக்கு எச்சரிக்கை சொல்ல ஒருவரும் வரவில்லை. அவனுக்கு இரண்டு வழி இருந்தது. அவளுக்கு இருந்ததோ குலம் விதித்த ஒரே வழி. ஊழ் என்னும் சொல்லை இக்கதையில் யாருக்கேனும் சொல்வதாயின் அவளுக்குச் சொல்லலாம். அதுவும் வானத்தினின்று இறங்கிய ஊழ் அன்று, மனிதர் வகுத்தது. மனிதர் வகுத்ததாலன்றோ 1829-இல் வங்காளத்திலும், அடுத்த ஆண்டில் சென்னை மாகாணத்திலும், சட்டத்தால் அதனை விலக்க முடிந்தது? ராம்மோகன் ராயரும் பெண்டிங்கு பிரபுவும் ஒரு நூற்றாண்டு முன்னரே தோன்றியிருந்தால் செட்டிகுளக் கரையில் அந்தத் தீ மூண்டிராது.

வென்றவர் உள்ளத்தையும் அந்தத் தீ சுட்டது போலும். ஆர்க்காட்டுக்கு எதிரே, பாலாற்றின் வடகரையில், அவள் நினைவாக ஓர் ஊரை நவாபு ஏற்படுத்தினார். அதுவே ராணிப்பேட்டை. அருகே நவலாக்கு என்னும் பெயரால் ஒரு பெருந்தோட்டமும் உண்டு. ஒன்பது இலட்சம் மரங்கள் என்பது அப்பெயரின் பொருள். எழுபது இலட்சம் நிலுவைக்காகப் படை நடத்தியவர் பெயரோடு ஒன்பது இலட்சம் மரம் நிற்கிறது. தன்னோடு போரிட்டு மாண்டவன் மனைவியின் பெயரால் ஊர் கண்டவர் வரலாற்றில் மிகச் சிலரே. அதனால் அவள் உயிர் மீளவில்லை என்பது வேறு.

புத்தூரிலிருந்து அவ்வூரைக் காண விழைவோர் அரக்கோணத்தில் வண்டி மாறி வாலாசா ரோடு நிலையத்தில் இறங்க வேண்டும். அந்த நிலையமும் சிறப்புடையதே. 1856-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி சென்னை ராயபுரத்தினின்று புறப்பட்டு வந்து சேர்ந்தது இவ்விடத்திற்கேயாம். அங்கிருந்து ராணிப்பேட்டை மிக அருகில். தோல் பதனிடும் தொழிலாலும் பெரிய ஆலைகளாலும் பெயர் பெற்ற ஊர். 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தனி மாவட்டத்தின் தலைநகராகவும் உயர்ந்தது. செஞ்சிக்குச் செல்வோர் திண்டிவனத்தில் இறங்கிப் பேருந்தில் செல்வது வழக்கம். பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் ராசகிரி ஏறுவதற்குக் காலையிலேயே புறப்படுக. வெயில் ஏறினால் பாறை கால் வைக்க விடாது. கையில் தண்ணீர் இருக்கட்டும். அங்குள்ள குரங்குகட்கு நம் கட்டுச்சோற்றின் மேல் தனி உரிமை உண்டு என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

செஞ்சிக் கோட்டையை வென்றவர்க்கும் அது நிலைக்கவில்லை. 1750-இல் புசி என்னும் பிரெஞ்சுத் தளபதி ஒரே இரவில் அதனைப் பிடித்தார். 1761-இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. அதன்பின் படைக்குப் பயன்படாமல் முட்செடி மூடிக் கிடந்தது.

நவாபு சாதத்துல்லாகான் 1732-இல் மறைந்தார். அவருக்கு மகன் இல்லை. உடன்பிறந்தான் மகன் தோஸ்து அலி பட்டத்திற்கு வந்தார். அவருக்கும் ஒரு நிலுவை வந்து சேர்ந்தது. மராட்டியர் தம் பங்கு கேட்டுப் படையெடுத்தனர். 1740-ஆம் ஆண்டு மே மாதம் தோஸ்து அலி ஆர்க்காட்டைவிட்டுப் புறப்பட்டு, ஒரு கணவாயைக் காத்து நின்றார். மராட்டியப் படை அவர் எதிர்பாராத வழியாகச் சுற்றிப் பின்னால் வந்தது. அங்கே அவரும் அவர் மகன் அசன் அலியும் ஒரே நாளில் மாண்டனர். அந்தக் கணவாய் தாமலச்செருவு. நம் பாகாலைக்கு அருகே உள்ளது. அவர்கள் மாண்ட செய்தியைத் தமிழிலோ தெலுங்கிலோ பாட்டாகக் கட்டிப் பாடுவோரை நான் இன்றளவும் கண்டதில்லை.